விசாரணை அக்காவும் ஐந்து கிலோ தேங்காய் மாவும்

மாவு வாங்க வருகிறவருக்கு அவர் வாய் கேட்கிற மாவைக் கொடுக்க வேண்டுமா, அவர் அடுப்பு கேட்கிற மாவைக் கொடுக்க வேண்டுமா? மாவு வாங்கப் போன என்னிடம் விசாரணை அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடம் முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி. பதில் தெரியாமல் விழித்தேன். பதில் தெரியாதவர்களை அவள் சும்மா அனுப்புவதில்லை. அவள் சொன்ன கதைதான் இது.

விசாரணை என்பது அவள் பெயர் அல்ல, பழைய உத்தியோகம். பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதன் நெற்றியில் ‘விசாரணை’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்குள் பதினோரு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, கழிப்பறை எந்தப் பக்கம் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பதில் சொன்னாள். ஒருநாள் கூண்டுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்றை மாட்டினார்கள். அடுத்த மாதம் கூண்டையே பிரித்து எடுத்துப்போனார்கள். உள்ளே இருந்தவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷமாகப் பதில் மட்டுமே சொல்லிவந்த வாய் அது. வெளியே வந்ததும் வட்டியும் முதலுமாகக் கேட்க ஆரம்பித்தது.

முதலில் மாட்டியவர் அவள் கணவர். அவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். “செக்போஸ்ட்ல நிறுத்தினா ரெண்டே கேள்வி. வீட்டுல நிறுத்தினா சோறு ஆறிப்போற வரைக்கும் கேள்வி” என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் அக்கா தன் கேள்விகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு தம்பியின் மாவு மில்லுக்கு வந்துசேர்ந்தாள்.

மில் அப்பா விட்டுப்போனது, இரண்டு பேருக்கும் பொது. நீளமான ஒற்றை அறை. நடுவில் தம்பியின் பெரிய மெஷின். அது ஓடும்போது ஜன்னல் கம்பிகள்கூட நடுங்கும். சுவர், மின்விசிறி, காலண்டர், தம்பியின் புருவம் எல்லாம் ஒரே வெள்ளை. கோதுமை, அரிசி, சோளம், எது வந்தாலும் தம்பி அரைப்பான். கொட்டைகளுக்கு மட்டும் இடமில்லை. பாதாமோ நிலக்கடலையோ உள்ளே போனால் எண்ணெய் கக்கிக் கல்லில் அப்பிக்கொள்ளும். அப்புறம் ஒரு வாரத்துக்குக் கோதுமை மாவெல்லாம் கடலை வாடை அடிக்கும். “கொட்டை அரைக்கப்படாது” என்று தம்பி வாசலில் சாக்பீஸால் எழுதியே வைத்திருந்தான்.

அந்த எழுத்தைப் பார்த்து முகம் வாடித் திரும்பிப் போகிறவர்களை அக்கா ஒரு மாதம் எண்ணினாள். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் அம்மா ஒருத்தி. சர்க்கரை நோய்க்காரர் இரண்டு பேர். வீட்டிலேயே கேக் போட்டு விற்கிற பெண் ஒருத்தி. வேலை போனபோது கைக்கு வந்த தொகையில் அக்கா ஒரு சின்ன மெஷின் வாங்கினாள். எவர்சில்வர் உடம்பு, மேலே ஒரு சிவப்பு பொத்தான். ஜன்னலோரம் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு இடம் பிடித்தாள். பாதாமுக்கு நீல டேப் ஒட்டிய ஜாடி, முந்திரிக்கு மஞ்சள், தேங்காய்க்கு வெள்ளை, நிலக்கடலைக்குச் சிவப்பு. ஒன்றுக்கு வைத்த ஜாடியில் இன்னொன்று விழாது. பக்கத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். கொட்டை மாவை வெளியில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், அரைத்தது எல்லாம் அதற்குள் போய்விடும்.

அவளிடம் மாவு வாங்குவது லேசான காரியம் இல்லை. முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்.

“வீட்டுல யாருக்காவது கொட்டை ஆகாதா? தின்னா உடம்பு தடிக்கிறது, மூச்சு முட்டுறது, அப்படி ஏதாவது?”

அதற்கு ஒழுங்கான பதில் வராமல் மூடியைக்கூடத் திறக்கமாட்டாள். அதற்கப்புறம்தான் விசாரணை சூடுபிடிக்கும்.

“பாதாம் மாவு அரைக் கிலோ கொடுங்க” என்று ஒரு வாத்தியார் வந்தார்.

“எதுக்கு சார்?”

“சமைக்கத்தான்.”

“சமைக்கன்னா? சுடவா, வறுக்கவா, கொதிக்க வைக்கவா?”

“கிரேவி கெட்டியாகணும்மா. அவ்வளவுதான்.”

“அதுக்கு எதுக்கு சார் பாதாம்? கொதிச்சாலும் நறநறன்னு நாக்குல நிக்கும். முந்திரி மாவு ரெண்டு ஸ்பூன் போடுங்க, வெண்ணெய் மாதிரி கரைஞ்சிடும்.”

“எங்க வீட்டுல பாதாம்னுதான் எழுதிக் கொடுத்தாங்க.”

“எழுதினவங்க போன் நம்பர் சொல்லுங்க.”

வாத்தியார் முப்பது வருஷமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர். அன்றைக்குக் கைகட்டி நின்று பதில் சொல்லிவிட்டு முந்திரி மாவோடு போனார். பொட்டலத்தின் மேல் என்ன மாவு, எந்த ஜாடி, என்றைக்கு அரைத்தது என்று அக்கா எழுதியிருந்தாள். ஆளை மாற்றி யோசிக்க வைப்பாள், ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுக்கிற வேலை அவளிடம் கிடையாது. வாத்தியார் மறுவாரம் திரும்பி வந்தார். ஆனால் எல்லாருக்கும் வாத்தியாருடைய பொறுமை இருக்குமா? பாதிப் பேர் மூன்றாவது கேள்வியிலேயே, “அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்” என்று நழுவினார்கள்.

தம்பிக்கு அதுதான் குடைச்சல். “அக்கா, நீ மாவு விக்கிறியா, வாக்குமூலம் வாங்குறியா?” என்பான். அவனுக்கு அந்த ஜன்னலோரத்தின் மேல் ஒரு கண் இருந்தது. அங்கே இன்னொரு கோதுமை மெஷின் போட்டால் காலையில் வாசல்வரை நிற்கிற கூட்டம் பாதியாகக் குறையும் என்பது அவன் கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய பேக்கரியின் மருமகன் வந்தார். நாலு தெருவுக்குக் கேக் வாசனை போகிற பேக்கரி அது. கடை மாமனாருடையது, அடுப்பங்கரைப் பொறுப்பு மருமகனுடையது. கோதுமை இல்லாத கேக்குக்கு இப்போது கிராக்கி. வெளியூரிலிருந்து வரவழைக்கிற பாதாம் மாவு பழசாக வருகிறது. இங்கேயே புதிதாக அரைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க வாங்குவார்களாம்.

அக்காவுக்கு முகமெல்லாம் பல். பொத்தானில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “தோல் எடுத்ததா, தோலோடயா? எத்தனை முட்டை? ஓவன் சூடு எவ்வளவு வைக்கிறீங்க? கோதுமைக்கு வைக்கிற சூட்டையே வச்சா மேல கருகி உள்ள வேகாதே, தெரியுமில்ல? கேக்கை எப்ப தட்டை விட்டு எடுப்பீங்க? சுடச்சுட எடுத்தா உடையுமே?”

மருமகன் இதுவரை மாமனாரிடம் மட்டும்தான் இத்தனை கேள்வி வாங்கியிருக்கிறார். பதினோராவது கேள்வியில், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தம்பி மாவுப் புருவத்தோடு பின்னாலேயே ஓடினான். தெருமுனையில் கையைப் பிடித்துக் கெஞ்சி, ஒரு சோதனை ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தான். பாதாம் மாவு ஐந்து கிலோ, தேங்காய் மாவு ஐந்து கிலோ. வியாழக்கிழமை மதியம் கடையில் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் வருஷ ஆர்டர்.

“அக்கா, நல்லாக் கேட்டுக்கோ” என்றான் தம்பி. “இந்த ஆர்டர் நிலைச்சா உன் மெஷின் இங்கேயே இருக்கும், நான் வாயே திறக்கமாட்டேன். போச்சுன்னா, சனிக்கிழமை உன் மெஷின் உன் வீட்டுக்கு, இந்த இடம் எனக்கு. சம்மதமா?”

“என் மெஷினை வீட்டுல போட்டா யாருடா படியேறி வருவா? எனக்குத் தொழிலே போச்சு.”

“அதான் ஆர்டரைக் காப்பாத்துன்னு சொல்றேன். அந்த ஆளைப் பார்த்து நீ ஒரு கேள்வி கேட்கக்கூடாது. கேட்டதைக் கொடு, வாயை மூடு. என் தலைமேல கை வச்சு சொல்லு.”

அக்கா வைத்தாள். கையை எடுத்தபோது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

புதன்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. பாதாமைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோலுரித்து, இரண்டு நாள் ஈரம் போகக் காயவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவும் வைத்திருந்தாள். இன்றைக்கு வாயைத் திறப்பதே இல்லை என்று வைராக்கியம். அந்த ஆளைத்தானே கேட்கக்கூடாது, மற்றவர்களிடம் வாயை மூடத் தேவையில்லைதான். ஆனால் பழக்கம் கெட்டுவிடக் கூடாதே என்று எல்லாரிடமும் மௌனம். வாயில் ஒரு கிராம்பை வேறு அடக்கிக்கொண்டாள். கால் கிலோ பாதாமை நீல ஜாடியில் கொட்டிப் பொத்தானை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். மூடியைத் திறந்தால் உள்ளே மாவு இல்லை. பசை. சுவரொட்டி ஒட்டலாம் போல ஜாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

இரண்டாவது கால் கிலோவும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம், எண்ணெய் தனியாக மினுங்கியது. ஐந்து வருஷத்தில் அவளுக்கு இப்படி ஆனதே இல்லை. மெஷினைத் தட்டிப் பார்த்தாள், பிளேடைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி, வாசலில் நின்று கொஞ்ச நேரம் இதைப் பார்த்தாள். அவள் ஒரு தையல் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள். ஒரு தையல் பிசகினால் எந்த இடத்தில் பிசகியது என்று கண்ணாலேயே பிடித்துவிடுவாள்.

“அண்ணி, என்ன இன்னைக்கு இவ்வளவு அமைதி?”

அக்கா கிராம்பைக் காட்டினாள்.

“நீங்க பேசாம அரைச்சு நான் பார்த்ததே இல்லையே” என்றாள் தம்பியின் மனைவி. “வழக்கமா ஒரு கேள்வி கேட்டுக்கிட்டே பொத்தானை அழுத்துவீங்க. அவங்க பதில் சொல்லும்போது கையை எடுத்துட்டுக் கேட்பீங்க. அந்த நேரத்துல மெஷின் ஆறும். இன்னைக்கு ஆறவே விடலையே நீங்க.”

அக்கா கிராம்பைத் துப்பினாள். விஷயம் அதுதான். கொட்டையை விட்டு விட்டு அரைத்தால்தான் மாவு. விடாமல் ஓட்டினால் சூடேறி, எண்ணெய் கழன்று பசையாகிவிடும். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எத்தனை நேரம் ஓட்டுவது, எத்தனை நேரம் விடுவது என்பதை அவள் கை கடிகாரத்தைப் பார்த்துக் கற்கவில்லை. ஒரு கேள்வி ஒரு ஓட்டம். ஒரு பதில் ஒரு ஓய்வு. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

தம்பி உடனே ஒரு வழி சொன்னான். “ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணு. இதுக்குப் போய்...”

எண்ணினாள். மனசு ஆர்டரில் இருந்ததால் எண்ணிக்கை பேருந்துக்கு ஓடுகிறவள் மாதிரி ஓடியது. நாலாவது கால் கிலோவும் பசை.

“யாராவது பதில் சொன்னாத்தான் ஆகும்போலிருக்கு” என்றாள் தம்பியின் மனைவி. “நான் கம்பெனிக்குப் போகணும். ஏங்க, நீங்க உட்காருங்க.”

“நானா? எனக்குக் கோதுமை கிடக்கே!”

“கோதுமை எங்கேயும் ஓடிப்போகாது. வாயை மூடச் சொன்னது நீங்கதானே? நீங்களே திறந்து வைங்க” என்று சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

தம்பி ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தான். கூண்டில் ஏற்றிய சாட்சி மாதிரி இருந்தான். இருபது கால் கிலோ அரைக்க வேண்டும். ஒரு கால் கிலோவுக்கு எட்டுக் கேள்வி.

அக்கா பொத்தானை அழுத்தினாள். “டேய், சின்ன வயசுல என் சைக்கிள் செயினைக் கழட்டிக் கிணத்துல போட்டது யாரு?”

கையை எடுத்தாள். மெஷின் நின்றது.

“அது... பக்கத்து வீட்டுக் குண்டன்தானே?”

“உண்மையைச் சொல்லுடா, பாதாம் காத்துக்கிட்டிருக்கு.”

“நான்தான்.”

“அடப்பாவி! முப்பத்தஞ்சு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டிருக்கேனே!”

மூடியைத் திறந்தாள். மாவு பஞ்சு போல எழும்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றைக்குத் தம்பிக்குப் பிடித்தது சனி.

ஜாடி ஜாடியாக ஓடியது. அக்கா கல்யாணத்தில் இனிப்புப் பெட்டி இரண்டு குறைந்தது எப்படி? அப்பாவுடைய கைக்கடிகாரம் எங்கே? போன மாதம் ‘தலைவலி’ என்று மில்லைப் பூட்டினாயே, அன்றைக்குத் தியேட்டரில் உன்னைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாளே, அது யார் தலைவலி? கோதுமை அரைக்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவசரம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரு அம்மாள், “அந்தக் கடிகாரத்தை இன்னொரு தடவை கேளும்மா, முழிக்கிற முழியைப் பார்த்தா அவர்கிட்டத்தான் இருக்கு” என்று எடுத்துக்கொடுத்தாள்.

பன்னிரண்டாவது ஜாடியில் அக்கா சாதாரணமாகக் கேட்டாள். “அந்தக் கோதுமை மெஷின் விக்கிறவன்கிட்ட ஏற்கெனவே பேசிட்டியா?”

தம்பி டின்னில் நெளிந்தான். பதில் வரவில்லை. மெஷின் ஆறிக்கொண்டே இருந்தது.

“சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லிட்டேன்” என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. “எப்படியும் ஆர்டர் நிக்காதுன்னு நினைச்சேன்.”

அக்கா பொத்தானை அழுத்தினாள். அந்த ஜாடி மாவுதான் அன்றைக்கு அரைத்ததிலேயே மிக நன்றாக இருந்ததாம். பதிலுக்கு அத்தனை நேரம் ஆனதால் நன்றாக ஆறியிருந்தது.

பத்தொன்பதாவது ஜாடி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பாதாம் சரி. தேங்காய் மாவு எதுக்காம்?”

தம்பிக்கு இப்போது சொந்த விஷயமாக இல்லாத எந்தக் கேள்வியும் தேனாக இனித்தது. கடகடவென்று சொன்னான். “அதே கேக்குக்குத்தான். பாதாம் விலை ஜாஸ்தியாம். பாதி கேக்குக்குப் பாதாம், பாதி கேக்குக்குத் தேங்காய் போட்டுப் பார்க்கப்போறாராம்.”

“எந்த அளவுல?”

“அதே அளவுதான். ஒரு கப்புக்கு ஒரு கப்பு. முட்டை மூணு. சீட்டுல எழுதியே கொடுத்திருக்காரு.”

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பாதாம் மாவும் தேங்காய் மாவும் பார்க்கத்தான் ஒரே வெள்ளை. பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைப்பதுதான் தேங்காய் மாவு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவன் மாதிரி, ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொண்டா என்று நிற்கும். பாதாம் ஒரு கப் போடுகிற இடத்தில் தேங்காய் கால் கப் போட்டாலே அதிகம். முட்டையைக் கூட்ட வேண்டும், பாலையும் கூட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போட்டால் வருவது கேக் இல்லை, கட்டுமானப் பொருள்.

“டேய், அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு வார்த்தை...”

“தலைமேல கை வச்சிருக்க” என்றான் தம்பி. “கேட்டதைக் கொடு.”

“அப்போ அவரு கேக் நாசமாகி, என் மாவு மேல பழி வந்து, ஆர்டர் போயிடுமேடா?”

“சொன்னாலும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு. முதல் நாள் போனாரே!”

அக்கா வாயை மூடிக்கொண்டாள். மீதிப் பாதாமையும் தேங்காயையும் அரைத்து முடித்தாள். வீணாய்ப்போன நான்கு ஜாடிப் பசையைப் பாட்டிலில் அடைத்து, ரொட்டியில் தடவித் தின்னத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் பின்னாலேயே அவளும் போனாள். அங்கேதான் ஓவன் இருக்கிறது. மருமகன் எழுதிக்கொடுத்த சீட்டைத் தம்பியின் சட்டைப்பையிலிருந்து எடுத்து எதிரே ஒட்டிவைத்தாள். ஒரு வரி மாற்றாமல், ஒரு கப் தேங்காய் மாவு, மூன்று முட்டை என்று கலந்தாள். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அதை அமுக்கித் தட்டில் அடைத்து, சீட்டில் சொன்ன நேரம் வேகவிட்டு எடுத்தாள். கீழே வைத்தபோது ‘டொக்’ என்று சத்தம் கேட்டது.

“அண்ணி, கதவை நிறுத்த இப்படி ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்” என்றாள் தம்பியின் மனைவி.

“இது உனக்கில்ல” என்றாள் அக்கா.

வியாழக்கிழமை மதியம் இரண்டு டின்களும் பேக்கரிக்குப் போயின. கேட்டது கேட்டபடி, ஐந்து கிலோ, ஐந்து கிலோ. தேங்காய் டின்னின் மூடி திறந்துவிடக் கூடாது என்று அதன்மேல் பாரமாக ஒரு கேக் வைத்து, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டியிருந்தது. கேக்கின் மேல் அவள் வழக்கமாக ஒட்டுகிற சீட்டு: ‘தேங்காய் மாவு ஒரு கப். முட்டை மூன்று. உங்கள் சீட்டில் உள்ளபடி.’ கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. கொண்டுபோன தம்பிக்குச் சந்தேகம்தான். ஆனால், “மூடி ஆடுதுடா” என்று அவள் சொன்ன முகத்தில் ஒரு பாவமும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. போனும் இல்லை. மெஷின் விற்கிறவன் மட்டும் இரண்டு தடவை போன் செய்து, நாளைக்கு எத்தனை மணிக்கு இறக்கட்டும் என்று கேட்டான். அக்கா ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். வந்தவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தாள். ஒருத்தர் கோழி வறுக்க முந்திரி மாவு கேட்டார். எண்ணெயில் போட்டால் முந்திரி சீக்கிரம் கருகும், தோலோடு கொரகொரவென்று அரைத்த பாதாம்தான் சரி என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு முந்திரியைக் கட்டிக் கொடுத்தாள். அவர் போனபிறகு ஜன்னலைப் பார்த்து நின்றாள். தம்பிக்கு அதைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமை காலை மருமகன் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒன்று. அதைத் தராசு மேஜையில் வைத்துப் பிரித்தார். அந்தக் கேக்தான். ஒரு முனையில் வரிசையாக ஆறு பல் தடம் பதிந்திருந்தது.

“இதை யார் செஞ்சது?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

“எங்க கடைக்குள்ள எது வந்தாலும் முதல்ல மாமாதான் வாயில போட்டுப் பார்ப்பாரு. நான் வர்றதுக்குள்ள சீட்டைக்கூடப் பார்க்காம கடிச்சிட்டாரு. கேக் உடையல. அவரு பல் செட்டு கேக்கோட நின்னுக்கிச்சு. கடை நிறைய ஆளு. அப்புறம்தான் சீட்டைப் படிச்சாரு. ‘எந்த முட்டாப்பய எழுதின அளவுடா இது’ன்னு பல்லு இல்லாமக் கத்துறாரு. சீட்டோட கடைசியில பார்த்தா, உங்கள் சீட்டில் உள்ளபடின்னு எழுதியிருக்கு. நான் என்னன்னு பதில் சொல்றது?”

தம்பி இரண்டு கையையும் கூப்பினான். “சார், மன்னிச்சிடுங்க சார்.”

மருமகன் அவனை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? ஏன் சொல்லல?”

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“பேசமாட்டாங்களா?”

“கேள்வி கேட்கக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன் சார்” என்றான் தம்பி. “அன்னைக்கு நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்களே.”

“அன்னைக்குப் போனேன். வீட்டுக்குப் போய் யோசிச்சா, ஓவன் சூட்டைப் பத்திக் கேட்டாங்களே, அதுதான் எங்க கேக் மேல கருகுறதுக்குக் காரணம். நேத்து சூட்டைக் குறைச்சுப் பாதாம் கேக் போட்டேன். மாமா ரெண்டு துண்டு சாப்பிட்டாரு, பல்லைப் போட்டுக்கிட்டு. இனிமே அளவெல்லாம் மில்லுக்கார அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் போடணும்னு உத்தரவு. அவங்களைக் கேட்கச் சொல்லுங்க சார், புண்ணியமாப் போகும்!”

தம்பி அக்காவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, அவனே எடுத்துவிட்டான். “சத்தியம் வாபஸ். கேளு.”

மூன்று நாள் அடைபட்டிருந்தது திறந்துகொண்டது.

“மாமாவுக்குப் பல்லு ஈறுல குத்திடுச்சா? வீக்கம் ஏதும் இருக்கா? அவருக்குக் கொட்டை ஒத்துக்குமா? அதைக் கேட்காம கேக்கை அனுப்பிட்டேனேன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. நீங்க தேங்காய் ஏன் கேட்டீங்க, விலைக்குத்தானே? அப்போ பாதாம்ல கால்வாசியைக் குறைச்சு முந்திரி போட்டா என்ன? முந்திரி மெத்துனு இருக்கும், ஆனா சீக்கிரம் சிவக்கும், பக்கத்துலயே நிப்பீங்களா? தேங்காயே வேணும்னா கால் கப்புக்கு முட்டை எத்தனை போடுவீங்க? நிலக்கடலை மாவு பிஸ்கட்டுக்கு நல்லா இருக்கும், கேக்ல போட்டா கடலை வாசனைதான் தூக்கும். உங்க கடைக்கு வர்றவங்க அதை விரும்புவாங்களா? என்னென்ன கொட்டைன்னு கண்ணாடி அலமாரியில எழுதி வச்சிருக்கீங்களா?”

மருமகன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்தத் தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, வருஷ ஆர்டரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மெஷின் விற்கிறவனின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் கயிறு கட்டிய பெரிய பெட்டி. இறக்க இரண்டு ஆட்கள்.

தம்பிக்குக் கை கால் ஓடவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, இடமோ இல்லை. “நான் என்னன்னு சொல்லித் திருப்பி அனுப்புவேன் அக்கா? அந்த ஆள் பேச ஆரம்பிச்சா விடமாட்டான்.”

“நீ போய் டின்னுல உட்காரு” என்றாள் அக்கா.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “வாங்க, உள்ள வாங்க. இது எத்தனை குதிரை சக்தி? ஓடும்போது ஜன்னல் நடுங்குமா? உங்க வீட்டுப் பக்கத்துல இதை ஓட்டி நீங்க தூங்கியிருக்கீங்களா? கல்லு எத்தனை மாசத்துக்கு ஒருதரம் கொத்தணும்? கொத்துறவரு உங்க ஆளா, வெளியாளா? அவரு கடைசியா லீவு போட்டது எப்போ? ஏன் போட்டாரு?”

இறக்க வந்த ஆட்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். விற்கிறவன் முதல் பத்து நிமிஷம் உற்சாகமாகப் பதில் சொன்னான். அடுத்த பத்து நிமிஷம் யோசித்துச் சொன்னான். அதற்கப்புறம், இன்னொரு ஊரில் ஒருத்தர் இதே மெஷினை அவசரமாகக் கேட்டதாக அவனுக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. பெட்டியின் கயிறைக்கூட அவிழ்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் போனே செய்யவில்லை.

ஜன்னலோரத்து மெஷின் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் ரொம்பக் கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிற ஆள் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். அவர் அடுத்தமுறை மாவு வாங்கக் கிளம்பும்போது, செருப்பைப் போடுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். கையோடு தேங்காய் மாவின் அளவையும் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மாமனார்கள் எத்தனை கடைகளில் பல்லில்லாமல் நிற்கிறார்களோ, யார் கண்டது?